வெல்வெட் யன்னல்சீலை வாங்கப் போறீங்களா?

யாழ்ப்பாணத்து வீட்டில் எல்லா யன்னலுக்கும் வெல்வெட் சரிவராது. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் பக்கத்துக்கு மெல்லிய பருத்திதான் நல்லது; வெல்வெட் காற்றை மறிக்கும், புழுதியையும் பிடித்து வைத்திருக்கும். ஏசி போட்ட படுக்கையறைக்கு அருமை. வெயில் படுமென்றால் பின்னால் வெளிர்நிற உள்துணி வைத்துத் தைப்பியுங்கள், சாயம் கெதியில் வெளிறாது.

கடையில் துணியை மேலும் கீழுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கும், நிறம் வெளிறித் தெரியும்; மறுதிசையில் சொரசொரக்கும், நிறம் கடுக்கும். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டும்படி தையல்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டதில், ஒரே யன்னலில் இரண்டு சிவப்புத் தொங்கியது.

துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல் 2 மடங்கு இருக்கட்டும், மடிப்பு அழகாக விழும். அப்புறம், முன்பக்கத்தில் அயன் வைக்காதீர்கள், மேலே நிற்கும் மெல்லிய இழைகள் நசுங்கிப் போய்விடும்.