ஊசிக்கு முன் ஒரு குப்பி பால்

வியாசர்பாடியில் மூன்று மாடுகள் வைத்திருக்கிறேன். மடிநோய் வந்து, மடி கல்லாகிப் பால் திரிந்தால் உடனே ஊசி என்பதே என் பழைய வழக்கம். ஒருமுறை இரண்டு மருந்துகளும் பலிக்கவில்லை, பணம்தான் கரைந்தது.

இப்போது மருந்துக்கு முன்பே சோதனைக்குப் பால் எடுத்துவிடுகிறேன். காம்பைக் கழுவி ஈரம்போகத் துடையுங்கள். முதல் பீச்சல்களைக் கிண்ணத்தில் கழியுங்கள், தரையில் அல்ல. காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால், பஞ்சு அழுக்காகாமல் வரும்வரை தேயுங்கள். கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்துக் கறக்கவும். மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது (என் மகன் தொட்டான், எல்லாம் வீண்). ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கிறேன். எந்த மருந்துக்குக் கிருமி மடங்கும் என்று சோதனை காட்டிவிடும்.

மருந்து உறையில் பாலுக்கான விலக்கு நாள் (மருந்துக்குப்பின் பாலை ஒதுக்க வேண்டிய நாட்கள்) இல்லையென்றால், கடைசி ஊசிக்குப்பின் 7 நாள் பாலை விற்காதீர்கள்.