இன்ஸ்டாகிராமில் ஓவியரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி போனை நீட்டினான். "அண்ணா, நம்ம சென்னை ஆர்ட்டிஸ்ட். பன்னெண்டாயிரம் சொல்றாங்க. இன்னிக்கே பாதிப் பணம் போட்டா கூரியர்ல வந்துடும்." மழை நாளில் மயிலாப்பூர் குளம். நல்ல படம்தான். போனை வாங்கிப் பக்கத்தை நகர்த்திப் பார்த்தேன். அடுத்த படம் வேறொருவர் கை, அதற்கடுத்தது இன்னொருவர் கை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே குழி.

இன்ஸ்டாகிராமைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எழும்பூர், கிரீம்ஸ் சாலை, நுங்கம்பாக்கம் என்று ஒரே சனிக்கிழமையில் சுற்றி முடிக்கிற தூரத்தில் இவ்வளவு ஓவியங்கள் மாட்டப்படுகின்றன என்பதே எனக்குப் போன் வழியாகத்தான் தெரிய வந்தது. எல்லோருக்கும் தெரிந்த சின்னத் தவறுகளை விட்டுவிட்டு, புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதை மட்டும் சொல்கிறேன்.

பக்கத்தையே ஓவியர் என்று நம்புவது

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்தது காசிமேட்டுப் படம். விடிகாலை, கரையோரம் நெருக்கியடித்து நிற்கும் படகுகள், நடுவில் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் பெண். பக்கத்தின் பெயரில் 'மெட்ராஸ்' இருந்தது, ஆயிரக்கணக்கில் பாலோயர்கள் இருந்தார்கள். கேட்டவுடன் பதில் வந்தது. 14,000 ரூபாய் அனுப்பினேன். யார் வரைந்தது என்று நான் கேட்கவே இல்லை. பேசிக்கொண்டிருப்பவரே வரைந்தவர் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

படம் வந்தது, கூடத்தில் மாட்டினேன். மூன்று வாரம் கழித்து, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஒரு குழுக் கண்காட்சி. உள்ளே நுழைந்து இடதுபக்கம் திரும்பினால் அதே பெண், அதே ஐஸ் பெட்டி. நாலடி அகலம். படகுகளின் விளிம்பில் வண்ணத்தைக் கத்தியால் இழுத்த தடம் சுவரிலிருந்து எழும்பி நின்றது. பக்கத்தில் சின்ன அட்டையில் ஓவியரின் பெயர், கேன்வாஸில் அக்ரிலிக், அளவு, ஆண்டு. என் வீட்டில் இருந்தது அதன் போட்டோவை கேன்வாஸ் துணியில் அச்சடித்து, மேலே பளபளப்பாக ஏதோ பூசியது.

ஓவியர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போனில் என் வீட்டுச் சுவரைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவுமில்லை. அப்புறம், "இதுல எனக்கு ஒரு ரூபா வரலைங்க" என்றார். அந்தப் பக்கம் என்னை பிளாக் செய்துவிட்டது. 14,000 போனதை மறந்துவிட்டேன். அந்த வாக்கியம் இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அந்தத் திருட்டுக்குக் காசு கொடுத்தவன் நான்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் இதெல்லாம் கற்றுக்கொண்டேன். பிடித்த படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், அதே படம் வேறு எங்கே, யார் பெயரில் இருக்கிறது என்பது பல நேரம் பிடிபட்டுவிடும். படத்தின் மூலையைப் பெரிதாக்கிக் கையெழுத்தைப் படியுங்கள். ஓவியரின் சொந்தப் பக்கத்தில் பாதியில் நின்ற படம், பென்சில் கோடு, கறை படிந்த மேசை எல்லாம் இருக்கும். முடிந்த படங்கள் மட்டுமே வரிசையாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையாக இருந்தால் அது யாரோ திரட்டி வைத்தது. கேன்வாஸின் பின்பக்கத்தையும் ஓரங்களையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓவியர் சந்தோஷமாக அனுப்புவார். நேரில் கிடைத்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், தூரிகைத் தடங்களுக்குச் சின்ன நிழல் விழும். அச்சில் அந்தத் தடங்கள் வெறும் நிறமாகத்தான் இருக்கும், மேலே பூச்சில் தடம் இருந்தாலும் படத்தோடு பொருந்தாது. பூதக்கண்ணாடி வைத்தால் புள்ளிகள் தெரியும்.

அச்சுப் பிரதி வாங்குவது தப்பில்லை. ஓவியரே எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டு விற்கும் பிரதிகள் என் வீட்டில் மூன்று இருக்கின்றன. எது மூல ஓவியம், எது பிரதி, பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வரைந்து வைத்த படத்தை நீங்கள் மூல ஓவியமாகவே வாங்கினாலும், எழுதிக் கொடுக்காத வரை அதை அச்சிட்டு விற்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும்.

சரி, அந்தத் தம்பி பணம் அனுப்பவில்லை. குளத்தை வரைந்தவரை இரண்டு நாளில் தேடிப் பிடித்துவிட்டான்.

அளவைப் படிக்காமல் விடுவது

30க்கு 40 என்று போட்டிருந்தால் அங்குலமா, சென்டிமீட்டரா என்று கேளுங்கள்.

பாலோயர் எண்ணிக்கையை வைத்து எடை போடுவது

இன்ஸ்டாகிராம் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் நிறைய. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். எழும்பூர் பக்கம் இருக்கும், 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும், மெழுகு வைத்துச் சாயம் போட்ட பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கி 1966இல் உருவாக்கியது. தாமிரத் தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பிய சிற்பங்களை அங்கே ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கலாம். சுத்தியல் அடி ஒவ்வொன்றும் தெரியும். எந்த ரீலும் அதைக் காட்டியதில்லை.

கண்ணகி நகரைப் பின்னணியாக மட்டும் பார்ப்பது

2020இல் அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். சென்னை ஓவியம் என்று தேடினால் அடிக்கடி வந்து நிற்பதும் அதுதான். அவை வீடுகள். நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் சுமார் கால் நூற்றாண்டாக அங்கே வாழ்கின்றன. துணி காயப்போடும் அக்காவை "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லிப் படம் எடுப்பதை என் கண்ணால் பார்த்தேன். கேட்டுவிட்டு எடுங்கள். போனால் அங்கேயே டீ குடியுங்கள், நாலு பேரோடு பேசுங்கள். எந்தச் சுவர் யார் வரைந்தது என்று அங்குள்ள பிள்ளைகளே சொல்வார்கள்.

பெயர் போடாமல் ஸ்டோரி வைப்பது

கண்காட்சியில் படத்தோடு, பக்கத்திலிருக்கும் பெயர் அட்டையையும் ஒரு போட்டோ எடுங்கள். திருட்டுப் பக்கங்களுக்குத் தீனி போடுவது பெயர் இல்லாத படங்கள்தான்.

'சேவ்' செய்துவிட்டு மறப்பது

சேவ் செய்த பதிவைத் திரும்பப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும், பல கண்காட்சிகள் ஒரு வாரத்தில் கழற்றப்படும். போகும் நாளையும் பாருங்கள், எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

தொடக்க விழாவுக்கு மட்டும் போவது

தொடக்க நாள் மாலையில் கூட்டம், பொன்னாடை, பேச்சு. படத்தின் முன்னால் நிற்க இடம் கிடைக்காது. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குப் போங்கள். ஓவியர் தனியாக உட்கார்ந்திருப்பார். அப்படிப் போன ஒரு நாள், கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்த ஒரு பெண் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து விரித்தாள். சுவரில் மாட்டாத கரித்துண்டு ஓவியங்கள், எல்லாம் அவள் பாட்டியின் கைகள். நெல் புடைக்கிற கை, வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற கை, வெறுமனே மடியில் கிடக்கிற கை. இன்ஸ்டாகிராமில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். "பாட்டி இன்னும் பார்க்கல, அவங்க பார்த்தப்புறம்தான்" என்றாள்.