மேசைத் தட்டல் வழியே ஆவிகளிடம் கேட்கும் முறை
ஏற்காட்டில் இதைச் செய்வோர், தகரக் கூரையில் மழை அடிக்காத இரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லையெனில் தட்டொலி காதில் விழாது. எடை குறைந்த மூன்று கால் மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்து, விளக்கைத் தணித்து, விரல் நுனிகளை அழுத்தாமல் வைத்து, அரை மணி நேரமாவது பேசாமல் காத்திருக்க வேண்டும். மேசை சாயத் தொடங்கியதும் ஒருவர் மட்டுமே கேள்வி கேட்க வேண்டும்: மேசைக் கால் தரையில் மூன்று முறை தட்டினால் 'ஆம்', ஒரு முறை தட்டினால் 'இல்லை'. பெயரை அறிய 247 எழுத்துகளையும் சொல்லிக்கொண்டிருக்க இயலாது என்பதால், முதலில் மெய்யையும் பின்னர் உயிரையும் வரிசையாகச் சொல்லி, தட்டு எழும் இடத்தைக் குறித்துக்கொள்வதே என் வழக்கம்.

அமர்ந்தோரின் கைகளே தம்மையறியாமல் மேசையைத் தள்ளுகின்றன என்பதை 1853-இல் ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே சோதனையால் காட்டினார். ஆகவே, விடை தெரிந்தவர் கையை எடுத்துவிட்ட பிறகும் அதே பதில் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அண்மையில் உறவை இழந்து கலங்கியிருப்பவரை இதில் அமர்த்தவே கூடாது.