விளையாட்டில் தலையில் அடிபட்டால்: எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

"மயங்கி விழேல்லைத்தானே, பயமில்லை." கொழும்பு மைதானங்களில் யாருக்காவது தலையில் அடிபட்டால் முதலில் காதில் விழுவது இதுதான். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். மூளையதிர்ச்சி (concussion, மூளை குலுங்கி அதன் வேலை தடுமாறுவது) அடைந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. தலையில் நேரே அடி படவும் தேவையில்லை. ரக்பி டேக்கிளில் தோளில் வாங்கிய இடியில் தலை சடாரென்று ஆடினாலே மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கிவிடும். ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்க உதவும், இந்தக் குலுக்கலை நிறுத்தாது.

1. ஆட்டத்திலிருந்து எடுங்கள்

சந்தேகம் வந்தாலே போதும், அன்றைக்கு அவருக்கு விளையாட்டு முடிந்தது. "பத்து நிமிஷம் இருந்து பார்ப்பம்" என்பது சரிவராது, அறிகுறிகள் பிந்தியும் வரும். 2019 பெப்ரவரியில் கன்பரா டெஸ்டில் இலங்கை வீரர் குசல் பெரேராவின் ஹெல்மெட்டில் பவுன்சர் பட்டது. பரிசோதித்த பிறகு தொடர்ந்து ஆடினார். சிறிது நேரத்தில் முடியாமல் களத்தை விட்டு வெளியேறினார்.

2. தூக்குவதற்கு முன் கழுத்தைக் கேளுங்கள்

விழுந்து கிடப்பவரிடம் கழுத்து நோகிறதா, கை கால் விறைக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றாலும், பதிலே வராவிட்டாலும் அசைக்க வேண்டாம், ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் மூச்சுவழிதான் முதல், கழுத்து அதற்குப் பிறகு. நான்கு பேர் கை காலைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றுவது நல்ல மனத்தோடு செய்யும் பெரிய ஆபத்து.

3. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி

- ஒரு கணமாவது நினைவு தப்பியது, அல்லது வலிப்பு
- திரும்பத் திரும்பச் சத்தி
- கூடிக்கொண்டே போகும் தலையிடி
- இரட்டையாகத் தெரிவது, ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரிதாக இருப்பது
- கை கால் பலவீனம், விறைப்பு, கழுத்து வலி
- காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம். காதுக்குப் பின்னால் கன்றல்
- நாக்குக் குழறல், குழப்பம், வழமைக்கு மாறான எரிச்சல், எழுப்ப முடியாத தூக்கம்

வார்பரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால் அறிகுறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே போங்கள். ஞாயிற்றுக்கிழமை மென்பந்து ஆடும் ஐம்பது வயது அண்ணன்மாரில் இப்படிப் பலர் இருப்பார்கள்.

4. ஐந்து கேள்விகள்

மேலே உள்ள எதுவும் இல்லையென்றால், ஆறுதலாக இருத்திக் கேளுங்கள். தம்பி, இது எந்த மைதானம்? இப்ப எத்தனையாவது பாதி? கடைசியா ஸ்கோர் பண்ணினது யார்? போன மட்ச் யாரோட? அதில வென்றீங்களா? ஒன்று பிழைத்தாலும் மூளையதிர்ச்சி என்றே எடுத்து, அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாம் சரியாகச் சொன்னாலும் மீண்டும் ஆட விட இது அனுமதி இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகள் பொருந்தாது. அவர்களின் முகமும் நடையும் பேச்சும் வழமை போலத்தானா என்று தாய் தகப்பன்தான் சொல்ல முடியும்.

5. நேரத்தோடு எழுதிவையுங்கள்

நெற்றிப்பொட்டு (கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பக்கம்) எலும்பு மெல்லியது, அதன் உட்பக்கத்தில் ஒரு நாடி ஓடுகிறது. அது கிழிந்தால் முதலில் பிள்ளை எழும்பி நடப்பான், கதைப்பான், தண்ணீர் குடிப்பான். உள்ளே இரத்தம் சேரச் சேர, சில மணி நேரத்தில் சரிந்துவிடுவான். இடையிலுள்ள அந்த நல்ல நேரம்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. அதனால் ஸ்கோர் புத்தகத்தின் பின்பக்கத்திலாவது இப்படிக் குறியுங்கள்:

4.10 – பந்து வலது பொட்டில். மயங்கவில்லை.
4.40 – தலையிடி பத்துக்கு 3.
5.15 – தலையிடி 6. ஒரு சத்தி.

மூன்றாவது வரி எழுதும்போதே புறப்பட்டிருக்க வேண்டும். இலக்கம் ஏறுகிறது, அதுதான் முக்கியம். முதல் மூன்று மணி நேரமாவது தனியே விடாதீர்கள், 48 மணி நேரம் வரை ஒரு கண் வைத்திருங்கள். இரவில் நித்திரை கொள்ளலாம், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். சித்தாலேப வலித்தைலம் பூசுவதில் கேடில்லை. பூசிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் கேடு.

வலிக்குப் பனடோல் போதும். அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். டெங்குக் காய்ச்சலுக்குத் தவிர்க்கிறோமே, கிட்டத்தட்ட அதே காரணம். மதுவும் வேண்டாம், வாகனம் ஓட்டவும் வேண்டாம்.

6. ஆஸ்பத்திரியில்

பெரியவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு, சின்னப் பிள்ளைகளுக்குப் பொரளை லேடி றிட்ஜ்வே. நேரத்தோடு எழுதிவைத்த அந்தத் தாளை அப்படியே கொடுங்கள். எது பட்டது என்பதையும் சொல்லுங்கள்: 160 கிராம் கடினப்பந்து வேகமாக வந்து பட்டதும் தரையில் சறுக்கி விழுந்ததும் வைத்தியருக்கு ஒன்றல்ல. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், மூளையதிர்ச்சியைக் காட்டாது. "ஸ்கேன் கிளியர்" என்றால் மறுநாள் பிராக்டிஸ் என்று அர்த்தமில்லை.

7. திரும்பி ஆடுவது

முதல் ஓரிரு நாள் வீட்டில் இளைப்பாறுதல், மெதுவான நடை, போன் குறைவு. பிறகு பள்ளிக்கூடமும் டியூஷனும், அதற்குப் பிறகுதான் ஓட்டமும் பயிற்சியும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மோதலுள்ள பயிற்சியும் கடினப்பந்தும் வைத்தியர் எழுத்தில் அனுமதித்த பிறகு மட்டும். ஒரு படியில் தலையிடி திரும்பி வந்தால் அன்றைக்கு நிறுத்தி, அது அடங்கிய பிறகு முந்தின படியிலிருந்து தொடங்குங்கள்.