செஞ்சிக் குன்றுகளுக்கிடையே ஓட்டம்: புதியவர்களுக்கான செய்முறை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சி ஊரைத் தாண்டியதும், வலப்பக்கம் கிருஷ்ணகிரியும் இடப்பக்கம் ராஜகிரியும் எழுந்து நிற்கும். சற்றுத் தெற்கே சந்திராயன் துர்க்கம். இம்மூன்றையும் மதிலால் இணைத்த கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டைக்குள் ஏறுவதற்கு வழிகாட்டிகள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அதைச் சுற்றியுள்ள ஊர்ச்சாலைகளிலும் ஏரிக்கரைகளிலும் மேடு பள்ளம் பார்த்து எப்படி ஓடுவது என்பதை, சமதரையில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடப் பழகிய ஒருவருக்காக இங்கே எழுதுகிறேன். அந்தப் பழக்கம் இன்னும் வராதவர்கள் இதே தடங்களை முதலில் நடந்து முடிக்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

முதல் படி: நேரத்தை முடிவு செய்யுங்கள்

தூரத்தை முடிவு செய்வதற்கு முன் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். செஞ்சிக் குன்றுகள் மரம் அடர்ந்த மலைகள் அல்ல. உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை போன்றவை. பகல் முழுவதும் வாங்கிய வெயிலைக் கருங்கல் மாலையில்தான் வெளியே விடுகிறது. ஆகவே சூரியன் சாய்ந்துவிட்டதே என்று நம்பி ஆறு மணிக்குப் பாறையோரம் ஓடுபவரின் முகத்தில் அனல் அடிக்கும். இரவெல்லாம் ஆறிய பாறை விடியலுக்கு முன்புதான் குளிர்ந்திருக்கும். கிழக்கு வெளுக்கும் வேளையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்கள் தொடங்குவதற்கு ஏற்றவை. சித்திரை, வைகாசியில் புதிதாகத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: போய்த் திரும்பும் தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் வட்டத் தடத்தைவிடப் போய்த் திரும்பும் தடத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. களைத்தால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், போகும்போது பார்த்த மேடும் பள்ளமும் வரும்போது பழகியிருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்கு, நெடுஞ்சாலையிலிருந்து ராஜகிரிக் கோட்டை வாயிலுக்குப் பிரியும் கிளைச்சாலை போதும். வாயில் திறப்பதற்கு முன் உள்ளே போக முடியாது. திறந்த பிறகும் கோட்டைப் படிகளில் ஓட வேண்டாம். நூற்றாண்டுகளாகக் கால் பட்டு வழவழப்பாகிப்போன படிகள் அவை. நடந்து ஏறினாலே கவனம் வேண்டும்.

அடுத்ததாக எனக்கு மிகவும் பிடித்த தடத்தைச் சொல்கிறேன். செஞ்சியிலிருந்து வடக்கே சிங்கவரம் செல்லும் சாலை அது. ஒரு வழிக்கு நான்கு கிலோமீட்டர் அளவில் வரும். நீங்கள் தொடங்கும் இடத்தைப் பொறுத்துக் கைபேசி வரைபடத்தில் அளந்துகொள்ளுங்கள். வழியில் திருநாதர் குன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரும்பாறையில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களும் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் பழங்கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. சாய்வான காலை வெளிச்சத்தில் அந்தச் சிற்பங்களின் விளிம்புகள் தெளிவாகத் தெரியும். ஓட்டத்தை நிறுத்திப் பாருங்கள், கடிகாரத்தையும் நிறுத்திவிடுங்கள்.

சிங்கவரத்தில் குன்றின்மேல், பாறையைக் குடைந்த குகைக் கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அடிவாரத்தோடு ஓட்டம் முடிகிறது. காலணியைக் கழற்றிவிட்டுப் படியேறித் தரிசித்து வந்தால், அதுவே கால்களுக்குத் தேவையான இடைவேளை.

மூன்றாம் படி: ஏற்றத்தில் மூச்சை அளவுகோலாக வையுங்கள்

சமதரையில் ஒரு கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடுபவர், மேட்டிலும் அதே ஏழு நிமிடத்தைப் பிடிக்க முயல்வதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. ஏற்றம் வந்ததும் வேகம் குறையத்தான் வேண்டும். மாறாமல் இருக்க வேண்டியது உழைப்பு. அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண் முதல் ஊர்ப் பெயர் வரை சத்தமாகச் சொல்லுங்கள். தெருப் பெயருக்குள்ளேயே மூச்சு வாங்கினால் நடக்கத் தொடங்குங்கள். முகவரி முழுவதும் தடையின்றி வந்தால் மீண்டும் ஓடுங்கள். எட்டுகளைச் சிறிதாக வைத்து, இடுப்பை மடக்காமல் கணுக்காலிலிருந்து சற்றே முன்சாய்ந்து, கைகளை வீசி ஏறுங்கள். பார்வை மேட்டின் உச்சியில் வேண்டாம், பத்தடி முன்னால் இருக்கட்டும்.

நான்காம் படி: இறக்கத்தைத் தனியாகப் பழகுங்கள்

மூச்சு வாங்காததால் இறக்கம் எளிது என்று தோன்றும். உண்மையில் கால்களுக்குக் கூடுதல் சேதம் இறக்கத்தில்தான். ஒவ்வொரு எட்டிலும் உடலின் எடையைத் தடுத்து நிறுத்தும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே இறுக வேண்டியிருக்கிறது. அந்த வலி அன்று தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ படியிறங்கும்போதுதான் தெரியும். ஆகவே எட்டை நீட்டாமல், பாதம் உடலுக்கு நேர்கீழே படும்படி, முழங்காலைச் சற்றே மடக்கி இறங்குங்கள். பாறையோர மண்வழிகளில் கல் உதிர்ந்த சரளை, சோளப்பொரி அளவில், உருண்டையாகப் பரவிக் கிடக்கும். அதன்மேல் குதிகாலை ஊன்றினால் வழுக்கும். அப்படி ஒருமுறை வழுக்கிக் கணுக்கால் பிசகி மூன்று வாரம் ஓட முடியாமல் இருந்திருக்கிறேன். இப்போது சரளை கண்ணில் பட்டதும் நடக்கிறேன்.

ஐந்தாம் படி: சாலையை ஊராரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்

நெடுஞ்சாலையைத் தொடும் இடங்களில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, அதாவது வலது ஓரமாக, வெளிர்நிறச் சட்டையோடு ஓடுங்கள். அறுவடைக் காலத்தில் ஊர்ச்சாலையின் பாதியில் நெல்லோ மணிலாக்கொட்டையோ காயும். அதை மிதிக்காமல் சுற்றிப் போவது கட்டாயம். நாய் குரைத்தால் ஓடாதீர்கள். நின்று, முதுகைக் காட்டாமல், மெல்ல நடந்து கடந்துவிடுங்கள். ஏரிக்கரை மண் முழங்காலுக்கு இதமானது. ஆனால் மழைக்காலத்தில் கரையோரப் புல் வளர்ந்து பாம்பு இருந்தால் தெரியாது என்பதால், வெளிச்சம் நன்றாக வந்தபின் ஏறுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஆறாம் படி: மெதுவாகக் கூட்டுங்கள்

வாரத்திற்கு மூன்று நாள் போதும். அதில் ஒருநாள் மட்டும் மேட்டுத் தடம். சிங்கவரத் தடத்தை நான்கு வாரம் வலியின்றி முடித்த பிறகு, விழுப்புரம் சாலையில் பேருந்தேறி மண்டகப்பட்டு போய், அங்கிருந்து ஊர்ச்சாலைகளில் ஓடிப் பாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் பிரமன், ஈசன், திருமாலுக்கு எடுத்த கோயில் என்று பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பொறித்த குடைவரை அங்கே இருக்கிறது. அதன் முன்னால் பாறை நிழல் உண்டு. ஓடி முடித்துத் தொடைகளை நீட்டித் தளர்த்த அந்த நிழல் வசதியானது.