ஒரே சட்டியில் மாட்டுக்கறி மக்ரோனி: அமெரிக்கன் கூலாஷ்

கூலாஷ் ஹங்கேரியில் மாடு மேய்ப்பவர்கள் சமைத்த கறிக்குழம்பு. அமெரிக்காவில் கறித்துண்டுக்குப் பதில் கைமாவும் கூடவே மக்ரோனியும் சேர்ந்து வேறு சாப்பாடாகிவிட்டது. அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்து பக்கம் இதையே ‘அமெரிக்கன் சாப் சூயி’ என்பார்கள். சாப் சூயி சீன உணவகங்களில் கேட்கிற பெயர்தான், ஆனால் சீனாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ‘ஹாம்பர்கர் ஹெல்ப்பர்’ பாக்கெட்டும் (காய்ந்த பாஸ்தாவும் மசாலாத்தூளும் இருக்கும், கைமா நாம் சேர்க்க வேண்டும்) ஏறக்குறைய இதே வழிதான். பாக்கெட் இல்லாமலே முக்கால் மணி நேரத்தில் செய்துவிடலாம்.

நாலு பேருக்கு: மாட்டுக்கறி கைமா அரை கிலோ, வளைந்த மக்ரோனி 250 கிராம், பெரிய வெங்காயம் 2, பூண்டு 5 பல், பச்சைக் குடைமிளகாய் 1, நன்கு பழுத்த தக்காளி 400 கிராம், தக்காளி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன், பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) 2 டீஸ்பூன், காய்ந்த ஓரிகானோ 1 டீஸ்பூன், செடார் சீஸ் 100 கிராம், எண்ணெய், உப்பு, மிளகுத்தூள். பாப்ரிகா கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன் போதும். கொஞ்சம் கொழுப்போடு இருக்கிற கறியாகக் கேட்டு வாங்குங்கள், வெறும் சதை வறண்டுபோகும். கழுவுவதானால் துண்டாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள். அரைத்த பிறகு கழுவினால் கைமா தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதல் வேலை கறியை வறுப்பது. மொத்த ருசியும் இங்கேதான் இருக்கிறது. அடிகனமான அகலச் சட்டியைப் பெரிய தீயில் நன்றாகக் காயவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, கைமாவைப் பரப்பிவிடுங்கள். உடனே கிளற வேண்டாம். முதலில் கறி தண்ணீர் விட்டுக் கொதிக்கும். தண்ணீர் வற்றியதும் கொதிக்கிற சத்தம் அடங்கி, பொரிகிற சத்தம் வரும். அடிப்பக்கம் செம்பழுப்பு ஏறியதும் கரண்டியால் உடைத்துத் திருப்பிவிடுங்கள். சாம்பல் நிறத்திலேயே அடுத்த வேலைக்குப் போனால் அவித்த கறி ருசிதான் கிடைக்கும்.

கொழுப்பு அதிகமாக மிதந்தால் இரண்டு ஸ்பூன் மட்டும் விட்டு மிச்சத்தை வடித்துவிடுங்கள். அதிலேயே நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், பூண்டு. வெங்காயம் வதங்கியதும் தீயைக் குறைத்து, தக்காளி பேஸ்ட், பாப்ரிகா, ஓரிகானோ சேர்த்து ஒரு நிமிடம் வதக்குங்கள். பாப்ரிகா சட்டென்று கருகிக் கசக்கும், ஜாக்கிரதை. கரம் மசாலா எடுக்கக் கை பரபரக்கும். இன்றைக்கு வேண்டாம்.

இப்போது பொடியாக நறுக்கிய தக்காளி, 3 கப் தண்ணீர் (சுமார் 700 மில்லி), ஒன்றரை டீஸ்பூன் உப்பு. அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள், சாறுக்கு நிறமும் மணமும் அதுதான் தரும். மூடி 10 நிமிடம் சிறு தீயில் கொதிக்கட்டும்.

பிறகு மக்ரோனியை வேகவைக்காமல் அப்படியே போட வேண்டும். தனியாக வேகவைத்தால் மாவுச்சத்து வடிகிற தண்ணீரோடு போய்விடும். இங்கே அது சாற்றிலேயே இறங்கிக் கெட்டியாக்குகிறது. மூடி, மிதமான தீயில் 10 முதல் 12 நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். தண்ணீர் போதாவிட்டால் அரை டம்ளர் வெந்நீர் சேர்க்கலாம்.

ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெந்திருந்தும் நடுவில் லேசாகப் பல்லுக்குத் தட்டுப்பட்டால் அதுதான் பதம். சாறு கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து, துருவிய சீஸும் மிளகுத்தூளும் கலந்து 5 நிமிடம் மூடிவையுங்கள். தானே இறுகும்.

மிச்சம் ஃபிரிட்ஜில் 3 நாள் தாங்கும். மக்ரோனி சாற்றையெல்லாம் உறிஞ்சியிருக்கும் என்பதால், கால் டம்ளர் தண்ணீர் விட்டுச் சூடாக்குங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், கொழகொழத்துவிடும்.