துபாய் விமானம்: பயண நேரத்தைச் சரியாகக் கணக்கிட

மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து திருவனந்தபுரம் வழியாகத் துபாய் செல்வோர், பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியே அச்சிடப்படுகின்றன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு 12.30 மணிக்குச் சேரும் என்றிருந்தால், வானில் கழிவது இரண்டரை மணி நேரமன்று, நான்கு மணி நேரம். திரும்பும்போது அதே ஒன்றரை மணியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தைக் கொண்டும் இதைச் சரிபார்க்கலாம். இரு நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 2,950 கிலோமீட்டர். பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால் மூன்றரை மணி நேரம் வரும். ஓடுதளத்தில் நகர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி சேர்த்தால் கணக்கு பொருந்திவிடும். குளிர்காலத்தில் வளைகுடாப் பகுதியின் மேல்வானில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று, போகும்போது சற்றுத் தாமதப்படுத்தி, வரும்போது விரைவுபடுத்தும்.

இரவு விமானமாயின், சேரும் நேரத்தின் அருகே சிறியதாக அச்சிட்ட '+1' என்ற குறியைத் தவறாமல் பாருங்கள். மறுநாள்தான் சேரும் என்பது அதன் பொருள். அழைத்துவர வண்டி அனுப்பும் வீட்டார் இதைக் கவனிப்பது மிக முக்கியம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்குச் சுமார் 150 கிலோமீட்டர் உண்டு. நெரிசலையும் எண்ணி நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டுமாதலால், காலை 10.00 மணி விமானத்துக்கு அதிகாலை 3.00 மணிக்கே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியிருக்கும்.